அமெரிக்கர் வரையும் மங்கா: கண்ணைப் பார்க்காதீர்கள், பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: அமெரிக்கர்கள் வரைந்த மங்காவை, அதாவது ஜப்பானியப் பாணிக் காமிக்ஸை, கையில் எடுத்தால் பத்துப் பக்கத்துக்குள் ஏதோ ஒட்டவில்லை என்று தெரிந்துவிடுகிறது. படம் மோசமில்லை, ஆனாலும் நகல் வாடை அடிக்கிறது. ஏன்? தரமானவை இருக்கின்றனவா? இருந்தால் வாங்கும் முன் எப்படிக் கண்டுகொள்வது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000களில் வந்த அமெரிக்க மங்காக்களில் பெரும்பாலானவை சுமார் ரகம்தான். அதற்குக் காரணம் ஜப்பானியர் கைக்குத்தான் அது வரும் என்பதல்ல. பெரிய கண், கூர்மையான முடி, வியர்வைத் துளி என்று கண்ணில் படுவதையெல்லாம் அள்ளிக்கொண்டார்கள். பக்கத்தைக் கட்டும் முறையை விட்டுவிட்டார்கள். அதோடு, ஜப்பானில் ஐந்தாறு பேர் பிரித்துச் செய்யும் வேலையை ஒரே ஆள் தலையில் கட்டினார்கள். இந்த இரண்டையும் சமாளித்தவர்களின் புத்தகங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. (மங்கா என்றே எழுதுகிறேன். ‘மாங்கா’ என்று எழுதினால் உப்பும் மிளகாய்த்தூளும் தேடத் தோன்றும்.)

ஜப்பானியப் பாணியை அமெரிக்கர்கள் கையாளத் தொடங்கியது 2000க்கு வெகு முன்பே. ஃபிராங்க் மில்லர் 1983-84இல் வரைந்த ‘ரோனின்’ தொடரில் கோஜிமா கோசெகியின் தூரிகைக் கோடு அப்பட்டமாகத் தெரியும். கோஜிமா வரைந்த ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ ஆங்கிலத்தில் வந்ததே 1987இல்தான். 1984இல் ஸ்டான் சகாய் ‘உசாகி யோஜிம்போ’வைத் தொடங்கினார். கியோட்டோவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர். கதை, படம், எழுத்து மூன்றையும் ஒரே கையால் செய்பவர். 1988இல் ஆடம் வாரன், டோரன் ஸ்மித்துடன் சேர்ந்து ‘டர்ட்டி பேர்’ கதைகளை ஆங்கிலத்துக்கென்றே புதிதாக எழுதி வரைந்தார். இவர்கள் யாரும் தங்கள் வேலையை மங்கா என்று கூவி விற்கவில்லை. தரம் தப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

கூவி விற்றது டோக்கியோபாப். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த இந்தப் பதிப்பகம் 2002இல் ஜப்பானியப் புத்தகங்களைப் படங்களை இடவலம் மாற்றாமல், வலமிருந்து இடமாகவே, 5×7.5 அங்குல அளவில், 9.99 டாலர் விலையில் இறக்கியது. புத்தகக் கடைகளில் அலமாரி அலமாரியாக விற்றது. அதே ஆண்டில் ‘ரைசிங் ஸ்டார்ஸ் ஆஃப் மங்கா’ என்ற போட்டியை அறிவித்து, அதில் தேறிய சிலருக்கு முழுத் தொடரே கொடுத்தது. ‘பீச் ஃபஸ்’ அப்படி வந்ததுதான். சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கியவரிடம் மூன்று பாகம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 170 பக்கம் என்று ஒப்பந்தம் நீட்டினால் என்ன நடக்கும்? ஜப்பானில் அந்த இடைவெளியைக் கடக்க ஒரு ஏணி இருக்கிறது: முதலில் ஒற்றைக் கதைகள், பிறகு ஒரு மூத்தவரிடம் அசிஸ்டெண்ட் வேலை, பிறகு குறுந்தொடர். அமெரிக்காவில் அந்த ஏணியே இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குப் பென்சில் மூன்று மணி நேரம், மை மூன்று, டோன் (சாம்பல் நிழலாகத் தெரியும் புள்ளிகள்) இரண்டு, எழுத்து ஒன்று. வேகமான கைக்கே ஒன்பது மணி நேரம். 170 பக்கத்துக்கு 1,530 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 38 வாரம். கதை எழுதுவது, மாதிரிப் பக்கம் போடுவது, திருத்துவது எதுவும் இதில் சேரவில்லை. ஜப்பானில் வாரப் பத்திரிகைத் தொடர் என்றால் வாரத்துக்கு 19 பக்கம் சுமார். ஆனால் பின்னணி ஒருவர், கருப்பு நிரப்புவது ஒருவர், டோன் ஒட்டுவது ஒருவர், வேகக் கோடு ஒருவர் என்று வேலை பிரிந்து போகிறது. ஆசிரியர் பெரும்பாலும் முகங்களையும் முக்கிய உருவங்களையும் பார்த்துக்கொள்கிறார். தனி ஆளாக அமெரிக்கர் அதே தோற்றத்தைக் கொண்டுவரப் பார்க்கும்போது முதலில் கழன்று விழுவது பின்னணி. மூன்று பக்கம் தொடர்ந்து வெறும் சாய்வு டோனில் தலைகள் மட்டும் மிதந்தால், அந்த ஆளுக்கு நேரம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது எடிட்டர். ஜப்பானில் வரையத் தொடங்கும் முன் ‘நேமு’ என்று ஒன்று உண்டு. கட்டங்கள், குமிழ்கள், வசனம், தோராயமான உருவங்கள் கொண்ட கரடுமுரடான முழுப் பக்கத் திட்டம். எடிட்டர் அதைத்தான் படிக்கிறார்; இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்புவது சாதாரணம். இங்கேதான் கதை தேறுகிறது, மை தொட்ட பிறகு அல்ல. அமெரிக்க வழக்கத்தில் எடிட்டர் பார்த்து ஒப்புவது எழுத்து வடிவத் திரைக்கதையை. ஒரு கட்டம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, எந்தக் கட்டத்தில் தாளைத் திருப்புகிறோம் என்பதெல்லாம் அதில் தெரியாது. திரைக்கதையாகப் படிக்க நன்றாக இருந்த காட்சி, பக்கத்தில் ஏழு சம அளவுக் கட்டமாகச் செத்துக் கிடக்கும். 1990களில் அமெரிக்க ஓவியர் பால் போப், ஜப்பானியப் பதிப்பகமான கோதன்ஷாவுக்காகச் சில ஆண்டுகள் வரைந்தார். அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி அச்சேறவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகான அவருடைய பக்கங்களில் ஓட்டமே வேறு.

இனி பக்கத்துக்குள் போவோம். தரத்தைப் பிரித்துக் காட்டுவது இங்கேதான்.

ஜப்பானியப் பக்கத்தில் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு கட்டம். மேலும் கீழுமாக இருக்கும் வரிசைகளுக்கு இடையே உள்ள வெள்ளை அகலம். ஒரே வரிசையில் அருகருகே இருக்கும் கட்டங்களுக்கு இடையே குறுகல். அசல் தாளில் வரிசைகளுக்கு நடுவே 6-8 மி.மீ., பக்கவாட்டில் 2-3 மி.மீ. என்பது பரவலான பழக்கம். ஏன் இப்படி? கண், குறுகிய இடைவெளியை முதலில் தாண்டும், அகலமானதைப் பிறகு தாண்டும். எந்தக் கட்டத்துக்கு அடுத்து எது என்று அம்புக்குறி போடாமலே புரிகிறது. அமெரிக்கக் காமிக்ஸில் எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருப்பதே வழக்கம். நேரான கட்டம் மட்டும் போட்டால் இதில் பிழையில்லை. ஆனால் மங்கா மாதிரி சாய்வுக் கட்டங்களைப் போட்டுவிட்டு, இடைவெளியைச் சமமாக வைத்தால் வாசகர் தடுமாறுவார். நகல் புத்தகங்களில் அடிக்கடி வரும் தவறு இது. சாய்வு கண்ணில் படுகிறது, இடைவெளி படுவதில்லை; அதனால் சாய்வை மட்டும் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

கட்டத்திலிருந்து கட்டத்துக்கு எப்படித் தாவுகிறார்கள் என்பது இன்னொன்று. காமிக்ஸ் பற்றி எழுதிய ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் இதை வகை பிரித்துக் காட்டினார். அமெரிக்க ஓவியர்கள் பெரும்பாலும் செயலிலிருந்து செயலுக்கும், ஆளிலிருந்து ஆளுக்கும், காட்சியிலிருந்து காட்சிக்கும் தாவுகிறார்கள். ஜப்பானியப் பக்கங்களில் நேரம் நகராமல் ஒரே இடத்தின் வெவ்வேறு அம்சங்களை மட்டும் காட்டும் தாவல் கணிசமாக உண்டு: தந்திக் கம்பி, கொதிக்கும் கெண்டி, ஜன்னலில் மழை, பாதி திறந்த கதவு. இதற்குப் பக்கம் செலவாகும். 20-22 பக்க மாத இதழில் பழகியவர் ஒரு மழைக்கு நாலு கட்டம் கொடுக்க மனம் வராமல் தவிப்பார். 170 பக்கம் கையில் கிடைத்தபோதும் பழைய கஞ்சத்தனம் போகவில்லை. டோக்கியோபாப் காலத்து முதல் அலைப் புத்தகங்கள் பலவற்றில் ஒரு பாகத்துக்குள் மூன்று பாகத்துக்கான சம்பவத்தைத் திணித்திருப்பார்கள். அமைதியான பக்கம் ஒன்றுகூட இருக்காது. பரிசோதிக்க எளிய வழி: வசனங்களைக் கையால் மறைத்து ஐந்து பக்கம் புரட்டுங்கள். யார், எங்கே, என்ன மனநிலை என்பது புரிய வேண்டும். டோக்கியோவின் கோமிக்ஸ் நிறுவனம் 2012 முதல் வசனமே இல்லாத கதைகளுக்கு ‘சைலண்ட் மங்கா ஆடிஷன்’ என்று உலகப் போட்டி நடத்துகிறது. மொழிச் சிக்கலைத் தாண்டிப் பல நாட்டவரும் கலந்துகொள்ள வழி செய்யும் ஏற்பாடு. வரைபவருடைய பக்க அறிவைச் சோதிக்க இதைவிடக் கறாரான முறையும் கிடையாது.

பக்கம் திருப்புவது. புத்தகத்தில் வாசகர் தாளைத் திருப்பும் முன் கடைசியாகப் பார்க்கும் கட்டம் தூண்டில். திருப்பியதும் முதலில் படுவது மீன். இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் தூண்டில் விழ வேண்டிய இடம் வலப்பக்கத்தின் கீழ் வலது மூலை, அதாவது ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டம். வலமிருந்து இடமாக என்றால் இடப்பக்கத்தின் கீழ் இடது மூலை. இணையத்தில் பக்கம் பக்கமாக வெளியிட்டுப் பிறகு புத்தகமாகத் தொகுக்கும் அமெரிக்கர்களிடம் இது அடிக்கடி குழம்புகிறது. இணையத்தில் ஒவ்வொரு பக்கமும் தனி. தூண்டிலை எங்கே போட்டாலும் வேலை செய்யும். புத்தகத்தில் முன்னால் ஒரு தலைப்புப் பக்கத்தைச் செருகிவிட்டால், அதன் பின் வரும் எல்லாப் பக்கமும் ஒன்று தள்ளிப்போகும். பெரிய அதிர்ச்சிப் படம் இப்போது எதிர்ப்பக்கத்திலேயே இருக்கும். வாசகர் தூண்டிலைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் மீன் தெரிந்துவிடும். இரட்டைப் பக்கப் படம் இன்னும் மோசம்: பாதி முன்தாளிலும் பாதி பின்தாளிலும் போய் விழும். தீர்வு எளிது. அத்தியாயத்துக்கு நடுவே எதையும் செருகாமல், அத்தியாய முடிவில் ஒரு வெற்றுப் பக்கமோ குறுஞ்சித்திரமோ வைத்து எண்ணிக்கையை நேர்செய்வது. ஒழுங்கான பதிப்பில் இதைச் செய்திருப்பார்கள்.

படிக்கும் திசையையே ஜப்பானிய முறைக்கு மாற்றி, ஆங்கிலத்தில் வலமிருந்து இடமாகப் புதிதாக வரைந்தவர்களும் உண்டு. இதில் எனக்குத் தயக்கமில்லை: தேவையில்லாத வேலை. கட்டங்கள் இடது நோக்கிப் போகின்றன, குமிழுக்குள் எழுத்து வலது நோக்கிப் போகிறது. ஒவ்வொரு குமிழிலும் கண் எதிர்த்திசையில் ஓடித் திரும்ப வேண்டும். மொழிபெயர்ப்பில் அதைப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம், அசல் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கினால் வலக்கைக்காரர் எல்லாரும் இடக்கைக்காரர் ஆகிவிடுவார்கள். முதலிலேயே ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஜப்பானியப் பக்கத்தின் அமைப்பை அப்படியே பார்த்து வரைந்து, படிக்கும் திசையை மட்டும் இடமிருந்து வலமாக வைப்பார்கள். அப்போது பதில் சொல்பவர் இடது ஓரத்தில் நிற்பார். பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்வியைப் பிறகு படிப்போம். முதலில் பேசுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை நேமு நிலையிலேயே முடிவு செய்யாவிட்டால், குமிழ் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதைத் தவிர்க்க முடியாது.

குமிழ் என்றதும் வடிவத்தைச் சொல்ல வேண்டும். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். அதனால் குமிழ் உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும். ஆங்கிலம் அகலமான குமிழ் கேட்கும். மேல் வரியும் கீழ் வரியும் குட்டை, நடுவரி நீளம் என்று வைரம் போல அடுக்க வேண்டும். உயரக் குமிழை நகலெடுத்தால் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கும், நீண்ட சொல் வெட்டுப்பட்டு அடுத்த வரிக்கு இறங்கும். தமிழில் காமிக்ஸ் எழுத்துக்கோக்கும் எவருக்கும் இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். நம் சொற்களின் நீளத்துக்கு ஆங்கிலக் குமிழே போதாது. நடைமுறை அளவு ஒன்று சொல்கிறேன்: ஆங்கிலத்தில் ஒரு குமிழுக்கு 20-25 சொல், ஒரு கட்டத்துக்கு 35 என்பது பழைய அமெரிக்க எல்லை. 5×7.5 அங்குலப் பக்கத்தில் அதில் பாதிதான் தாங்கும். முதல் அலைக்காரர்கள் பெரிய இதழுக்கான வசன அளவைச் சின்னப் பக்கத்தில் ஊற்றினார்கள். எழுத்து சிறுத்தது, முகம் மூலைக்குப் போயிற்று.

அளவுச் சிக்கல் கோட்டையும் கெடுக்கும். ஜப்பானியத் தொழில்முறைத் தாள் பி4, அதாவது 257×364 மி.மீ. உட்சட்டம் 180×270, வெட்டு அளவு 220×310. பத்திரிகையில் 83 விழுக்காடாகச் சுருங்கும். புத்தகமாகும்போது ஏறக்குறைய பாதி. ஜி-பென் என்ற மைப்பேனாவின் கோடு அந்தச் சுருக்கத்தை மனதில் வைத்தே போடப்படுகிறது. அமெரிக்க அட்டை 11×17 அங்குலம், வரையும் பரப்பு சுமார் 10×15. அது வழக்கமான மாத இதழுக்கு மூன்றில் இரண்டாகத்தான் சுருங்கும். அதே அட்டையில் அதே பேனாவால் வரைந்து 5×7.5 அங்குலத்துக்குக் கொண்டுபோனால் பாதிக்கும் கீழே போகிறது. 0.1 மி.மீ. கோடு 0.05க்கும் கீழே, சாதாரணப் புத்தகத் தாளில் துண்டு துண்டாகத்தான் விழும். கண்ணிமை, ஆடை மடிப்பு, தூரத்துக் கட்டடம் மூன்றும் முதலில் காணாமல் போகும். வரைந்த பக்கத்தை அச்சளவுக்குச் சுருக்கி ஒரு பிரதி எடுத்து, கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம்.

டோனில் நடக்கும் கூத்துக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். ஸ்கிரீன்டோன் என்பது சாம்பல் நிறம் கிடையாது, கருப்புப் புள்ளிகள். அங்குலத்துக்கு 60 வரி, 10 முதல் 30 விழுக்காடு அடர்த்தி என்பது அன்றாடப் பயன்பாடு. ஒட்டுத் தாளாக வாங்கிக் கத்தியால் வெட்டிய காலம் போய், செல்சிஸ் நிறுவனத்தின் மென்பொருள் வந்தது. மேற்கில் மங்கா ஸ்டூடியோ என்ற பெயரில் விற்று, இன்று கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் ஆகியிருப்பது அதுதான். தவறு எங்கே வருகிறது? ஓவியர் புள்ளி டோனை 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 பிக்சல்) சாம்பல் கோப்பில் சேமிக்கிறார். ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் மெல்லிய சாம்பல் பிக்சல்கள் ஒட்டிக்கொள்கின்றன. அச்சகம் அந்தச் சாம்பலை மறுபடி தன் புள்ளியாக உடைக்கிறது. புள்ளிமேல் புள்ளி விழுந்து, கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தெரியும் அலை போல மொய்ரே படிகிறது. வேறு வேறு வரி எண்ணிக்கையுள்ள இரண்டு டோன்களை அடுக்கினாலும், புள்ளிகள் பதிந்த பிறகு படத்தை 93 விழுக்காடு என்று சுருக்கினாலும் இதேதான்.

சரியான வழி: 600 டி.பி.ஐ., கருப்பு-வெள்ளை மட்டுமே உள்ள கோப்பு, அச்சளவுக்கு ஏற்ற பரிமாணம், அதன்பின் எந்தச் சுருக்கலும் கூடாது. அளவு மாறித்தான் ஆகவேண்டும் என்றால் டோனை அமைப்பாகவே அடுக்கில் வைத்திருந்து, புதிய அளவில் புள்ளிகளைப் புதிதாகப் பிறக்கவைக்க வேண்டும். இணையத்துக்குப் போகும் பிரதியில் புள்ளியே வேண்டாம், தட்டையான சாம்பல் போதும். திரையில் பெரிதாக்கிச் சிறிதாக்கும்போது அலை வராது. ஒரே கோப்பை இரண்டுக்கும் பயன்படுத்துபவர் ஏதோ ஒன்றில் மாட்டுவார். அடர்த்தியிலும் கவனம் தேவை: சிறிய புத்தகத்தில் 5 விழுக்காட்டுப் புள்ளி மறையும், 50க்கு மேல் போனால் மை அடைத்துக் கருப்பாகும். ஒரு பக்கத்துக்கு 10, 20, 40 என்று மூன்று படி போதும். தொடக்கக்காரர் பக்கத்தில் எட்டுப் படி இருக்கும், கூடவே பூ டோன், நட்சத்திர டோன். கடையில் புரட்டும்போது பக்கம் முழுக்க ஒரே சாம்பல் மூட்டமாக, கண் நிற்க ஒரு வெள்ளையும் ஒரு கெட்டிக் கருப்பும் இல்லாமல் இருந்தால் கீழே வைத்துவிடலாம்.

சகாய் டோனை நம்பாதவர். குறுக்குக் கோடும் கெட்டிக் கருப்பும் மட்டுமே. ஜப்பானிய வரலாற்றுக் கதை, ஆனால் ஜப்பானியத் தொழில்நுட்பத்தை ஒட்டிக்கொள்ளவில்லை. சாகும் கதாபாத்திரத்தின் வாயிலிருந்து மண்டையோடு போட்ட குமிழ் வெளிவரும். அவருடைய சொந்தக் குறியீடு. ஆடம் வாரன் 2007இல் தொடங்கிய ‘எம்பவர்ட்’ புத்தகத்தில் வேறு வழி பிடித்தார்: சாதாரண லெட்டர் அளவுப் பிரதித் தாளில் பென்சிலால் வரைந்து, மை போடாமல் அப்படியே அச்சுக்கு அனுப்பினார். மேலே போட்ட கணக்கில் மை நேரம் மூன்று மணி அப்படியே மிச்சம். தனி ஆள் மங்கா நீளத்தில் வேலை செய்ய வேண்டும் என்றால், செயல்முறையில் ஒரு படியை வெட்டியே ஆகவேண்டும் என்பதை அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். (பெரியவர்களுக்கான அங்கதம், சிறுவர் கையில் கொடுக்கிற புத்தகம் இல்லை.)

ஒலிச் சொற்களும் குறியீடுகளும் இன்னொரு பொறி. ஜப்பானிய மொழியில் முறைப்பதற்கும் மௌனத்துக்கும்கூட ஒலிச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லை. அதனால் முறைக்கும் முகத்தின் பக்கத்தில் ‘கிளேர்’ என்று வினைச்சொல்லையே எழுதி ஒட்டுகிறார்கள். அல்லது ஒஹாயோவில் நடக்கும் கதையில் இதயம் ‘டோக்கி டோக்கி’ என்று ஜப்பானிய மொழியில் துடிக்கிறது. முறைப்பை முகத்தில் வரைய முடிந்தவருக்கு இந்த ஒட்டுச்சீட்டு எதற்கு? வியர்வைத் துளி, புடைத்த நரம்பு, ஆசை வந்தால் மூக்கில் ரத்தம் எல்லாமும் இப்படித்தான். அங்கே வாசகருக்குப் பழகிய நிறுத்தக்குறி, இங்கே அலங்காரம். முகங்கள் மங்காவைவிட ஜப்பானிய அசைவுப் படமான அனிமேவுக்கு நெருக்கமாக இருப்பதையும் கவனிக்கலாம். அனிமே முகம் ஆயிரக்கணக்கான முறை வரைய வசதியாக எளிமையாக்கப்பட்டது. அதில் அசைவும் குரலும் உயிர் கொடுக்கின்றன. தாளில் அதை அப்படியே இறக்கினால் முடியை மாற்றினால்தான் ஆளை அடையாளம் தெரியும். எல்லாக் கதாபாத்திரத்துக்கும் மொட்டை போட்டுக் கற்பனை செய்து பாருங்கள். யார் யார் என்று தெரிந்தால் ஓவியர் தேறிவிட்டார்.

கதைக்களம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பார்த்திராத ஜப்பானியப் பள்ளிக்கூடத்தை, காலணி அலமாரி சகிதம் வரைந்தவை பெரும்பாலும் மறைந்துவிட்டன; தன் ஊரை வரைந்தவை தங்கின. ஸ்வெட்லானா ச்மகோவாவின் ‘டிராமாகான்’ (2005-07, மூன்று பாகம்) அமெரிக்க அனிமே மாநாட்டுக் கூடத்திலேயே நடக்கிறது. குட்டி உருவங்களும் நகைச்சுவை நேரமும் கச்சிதம். ஃபெலிப்பே ஸ்மித்தின் ‘எம்பிக்யூ’ லாஸ் ஏஞ்சலஸ் தெருக்கதை. அதன் பிறகு அவர் கோதன்ஷாவின் ‘மார்னிங் 2’ இதழில் ‘பீப்போ சூ’ வரைந்தார்: ஜப்பானைச் சொர்க்கமாகக் கனவு காணும் அமெரிக்க ரசிகன் நேரில் போய்க் கனவு கலையும் கதை. இந்தக் கேள்விக்கு ஒரு படைப்பே பதில் சொல்கிறதென்றால் அது இதுதான். வன்முறையும் ஆபாசமும் தூக்கல், கவனம். பிராண்டன் கிரகாமின் ‘கிங் சிட்டி’ சொல்விளையாட்டும் சோம்பலான நடையுமாக, எந்த ஜப்பானியப் புத்தகத்தையும் நினைவூட்டாத மங்கா. எம். ஆலிஸ் லெக்ரோவின் ‘பிசன்காஸ்ட்’ (எட்டுப் பாகம், 2005-12) ஆடை வடிவமைப்பில் அசத்தும். முதல் பாகங்களில் உருவமும் பின்னணியும் ஒரே அடர்த்தியில் பின்னிக் கிடக்கும்; போகப் போகத் தெளிகிறது.

இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது. ‘அமெரிக்க மங்கா’வின் சிறந்த உதாரணங்கள் என்று எல்லாரும் நீட்டும் பட்டியலில் பாதிப் பேர் அமெரிக்கர் இல்லை. ச்மகோவா ரஷ்யாவில் பிறந்த கனடியர். ‘ஸ்காட் பில்கிரிம்’ வரைந்த பிரையன் லீ ஓ’மாலி கனடியர். ‘தி டிரீமிங்’ வரைந்த குவீனி சான் ஆஸ்திரேலியர். 2012இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகத்தின் சர்வதேச மங்கா விருதில் தங்கம் வென்ற ‘ஐ கில் ஜயண்ட்ஸ்’ எழுதியவர் அமெரிக்கர் ஜோ கெல்லி; வரைந்த கென் நீமுரா ஸ்பெயின்காரர். அதேபோல் ‘வார்கிராஃப்ட்’ மங்காவையும் ‘மேக்சிமம் ரைட்’ மங்காவையும் வரைந்தவர்கள் கொரியர்கள். அட்டையில் அமெரிக்கப் பெயர் இருந்தாலும் உள்ளே யாருடைய கை என்று பார்த்துவிட்டுத் தரத்தைப் பேசுவது நல்லது.

முதல் அலை எப்படி ஓய்ந்தது என்பதும் தரத்தோடு சம்பந்தப்பட்டதே. டோக்கியோபாப் ஒப்பந்தங்களில் உரிமை பதிப்பகத்துக்கும் படைப்பாளிக்கும் பொதுவாக இருந்தது. 2008இல் ‘மங்கா பைலட்ஸ்’ திட்டத்துக்கான ஒப்பந்தம் படைப்பாளியின் தார்மீக உரிமைகளை (தன் பெயர் போடச் சொல்லவும், படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் உள்ள உரிமை) விட்டுக்கொடுக்கச் சொன்னதற்காகப் பலத்த கண்டனம் வாங்கியது. அந்த ஆண்டே ஆள்குறைப்பு, தொடர்கள் பாதியில் நிறுத்தம். 2011 பிப்ரவரியில் பெரும் விற்பனைச் சங்கிலியான பார்டர்ஸ் திவாலானது. மே மாத இறுதியில் டோக்கியோபாப் தன் அமெரிக்கப் பதிப்புப் பணியை மூடியது. மூன்றாம் பாகத்தில்தான் கை தேறும் என்ற நிலையில் இருந்த பல ஓவியர்களுக்கு அந்த மூன்றாம் பாகம் வரவே இல்லை. நாம் மதிப்பிடுவது பெரும்பாலும் அவர்களுடைய பயிற்சி ஆண்டுகளை.

அந்தத் தலைமுறையின் கற்றல் வேறு பெயரில் வெளிவந்தது. ச்மகோவா 2015 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கான வண்ண கிராஃபிக் நாவல்கள் வரைகிறார்; மங்கா என்ற முத்திரை இல்லை, ஆனால் கட்ட ஓட்டம் அதுவேதான். இளம் ஓவியர்களில் ஒரு பெரும் பகுதி கொரிய வெப்டூன் வடிவத்துக்குப் போய்விட்டது: செங்குத்துச் சுருள், முழு வண்ணம், பக்கம் திருப்புவதே கிடையாது. மங்கா என்றே சொல்லிக்கொண்டு நிற்பவர்களில் 2013இல் தொடங்கிய ‘சாட்டர்டே ஏஎம்’ குழு முக்கியமானது. ஒடுன்ஸே ஒகுகுவோவின் ‘ஆப்பிள் பிளாக்’ அதன் முகப்பு. சண்டைக் காட்சிகளில் திசை தெளிவாக இருக்கிறது, கெட்டிக் கருப்பைப் பயன்படுத்தத் தெரிகிறது. வசனம் மட்டும் இன்னும் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால்: நிதானமாகப் படிப்பவர் ‘உசாகி’, சிரிக்க வேண்டியவர் ‘டிராமாகான்’, வடிவத்தில் விளையாட்டு பிடிப்பவர் ‘கிங் சிட்டி’. கடைசியாகச் சொன்னதை 2007இன் சின்ன டோக்கியோபாப் பதிப்பில் வாங்காதீர்கள். அது முதல் பாகம் மட்டுமே; பிற்பாடு இமேஜ் பதிப்பகம் பெரிய அளவில் முழுதாக வெளியிட்டது, கிரகாம் மூலை முடுக்கில் எழுதிவைத்த நையாண்டிகள் அதில்தான் படிக்கக் கிடைக்கும். பெக்கி குளூனனின் ‘ஈஸ்ட் கோஸ்ட் ரைசிங்’ ஓட்டமுள்ள புத்தகம், ஆனால் 2006இல் வந்த முதல் பாகத்தோடு நின்றது. ஜென் லீ குவிக்கின் ‘ஆஃப்*பீட்’ பழைய பதிப்பில் இரண்டு பாகம்தான் கிடைக்கும். முடிவு வேண்டுமென்றால் பின்னால் குரோமாட்டிக் பிரஸ் மூன்றாம் பாகத்தோடு கொண்டுவந்த பதிப்பைத் தேடி வாங்குங்கள்.